நின்றாலும் தேயும் வாகனம்

கைகொடுப்பு நிறுவனத்திடம் எந்தப் பொருளையும் பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது. மீராசாகிபு இதை அறிந்துகொண்டது நீராவிப்பிட்டிப் பள்ளிவாசல் வளவில் நடந்த முதல் கூட்டத்தில்தான். அவர் எழுந்து நின்று, "எங்களுக்கு ஒரு உழவு மெசின் வேணும், சேர்" என்றார். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிகள் எல்லோரும் பேனையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

திட்டப் பணிப்பாளர் மயில்வாகனம் மட்டும் சிரித்தார். கோபம் வரும் இடங்களில் சிரிப்பதற்கென்று அவர் வெளிநாடு போய்ப் பயிற்சி எடுத்திருந்தார். பத்துப் பன்னிரண்டு பைகள் வைத்துத் தைத்த கையில்லாச் சட்டை ஒன்றை எப்போதும் போட்டிருப்பார். அந்தப் பைகளில் எதையாவது வைத்ததையோ எடுத்ததையோ யாரும் கண்டதில்லை.

"நானா, நீங்கள் பொருளைக் கேக்கிறீங்கள்" என்றார் பணிப்பாளர். "பொருளைக் கேட்டால் அது யாசகம். தேவையைச் சொன்னால் அது அபிவிருத்தி. உங்களுக்கு என்ன தரவேணும் எண்டதை நாங்கள் தீர்மானிப்பம். உங்கட தேவை என்ன எண்டதை மட்டும் நீங்கள் சொல்லுங்கோ. முடிவு உங்கட கையிலதான்."

மீராசாகிபுவுக்கு முடிவு யாருடைய கையில் இருக்கிறது என்பது விளங்கவில்லை. ஆனாலும் பதின்மூன்று வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு, சமாதானம் வந்ததென்று நம்பி மனைவி லதீபாவோடு ஊர் திரும்பியிருக்கிற மனிதர் அவர். வாப்பாவின் வயலில் பற்றைக் காடு ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கண்ணிவெடி அகற்றுபவர்கள் வந்து வெள்ளைத் தடி நட்டுக் கொடுத்த துண்டு மட்டும்தான் இப்போதைக்கு அவருடையது. அதில் வயலும், ஒரு தறப்பாள் கொட்டிலும், அவரே வெட்டி இடித்துச் சாணம் மெழுகிய சூடடிக்கும் களமும் இருந்தன. இந்த வருடக் காலபோகம் அவருக்குப் பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு வரும் முதல் வெள்ளாமை. அதை அடித்து நெல்லாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்த மண்ணில் மறுபடி வேர் விடலாம். தவறவிட்டால் புத்தளத்துக்குத் திரும்பிப்போக வேண்டியதுதான்.

ஆகவே தேவையைச் சொன்னார். நாலு சில்லு வேண்டும். நல்ல பலமான எஞ்சின் வேண்டும். சேற்றில் இறங்கினால் புதையக் கூடாது, மேடு பள்ளம் பார்க்கக் கூடாது. பாரம் இழுக்க வேண்டும். நாலு சில்லையும் ஒன்றாகச் சுழற்றக் கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது.

சொத்துப் பெறுமான அலுவலர் நேசமலர் ஒரு சொல்லும் விடாமல் எழுதிக்கொண்டாள். அவள் நேர்மையான பிள்ளை. எழுதியதில் பிழை வராது என்று பெயர் எடுத்தவள். எழுதியதைப் படிக்கிறவர்கள் கடல் கடந்த குளிர் நாடு ஒன்றில் இருந்தார்கள், அதற்கு அவள் என்ன செய்வாள்.

*

மார்கழி மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு நாள் பொருள் வந்து சேர்ந்தது. அது ஒரு லொறியின் முதுகில் ஏறி வந்தது. முள்ளியவளைக்கு இப்பால் லொறி சேற்றில் புதைந்துவிட்டது. பக்கத்து வயல்காரர் கனகலிங்கம் தன் பழைய உழவு இயந்திரத்தைக் கொண்டுபோய்க் கட்டி இழுத்தார். ஊரே திரண்டு பின்னால் நடந்தது. கறுப்பாக, பளபளவென்று, கண்ணாடியெல்லாம் இருட்டாக இருந்த அந்த வாகனத்தை மீராசாகிபு பார்த்தார். உள்ளே யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று நினைத்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

உள்ளே யாரும் இல்லை. அதுதான் உதவி.

கையளிப்பு விழாவில் பணிப்பாளர் அதன் விபரங்களை வாசித்தார். ஜெர்மனியில் செய்தது. எட்டு உருளை எஞ்சின். இரண்டு காற்றூதிகள். நானூற்றைம்பது குதிரை வலு. நாலு சில்லும் சுழலும். நின்ற நிலையிலிருந்து ஐந்தரைச் செக்கனில் நூறு கிலோமீற்றர் வேகம் பிடிக்கும். உச்ச வேகம் இருநூற்று அறுபத்தாறு. ஒரு பொத்தானை அமத்தினால் வண்டி முழுவதும் ஒரு சாண் மேலே எழும்பும், இன்னொன்றை அமத்தினால் பதியும். இருக்கைகள் தோல். குளிர் நேரத்தில் அவை தாமாகவே சூடேறும்.

கடைசி வசதியைக் கேட்டதும் வெயிலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த வேகத்தில இஞ்சயிருந்து வெளிக்கிட்டா முல்லைத்தீவில நிப்பாட்டேலாது" என்றார் கனகலிங்கம் பக்கத்தில் நின்றவரிடம். "கடலுக்கைதான் நிக்கும்."

"ஐம்பது குதிரை வலு போதும் எண்டு நினைச்சிருப்பீங்கள்" என்று பணிப்பாளர் தொடர்ந்தார். "நாங்கள் மக்களைக் குறைச்சு மதிப்பிடுற நிறுவனம் இல்லை. எங்கட தலைமையகத் தலைவர் ரெண்டு வருசம் தானே ஓடின வாகனத்தை, பாசத்தோட உங்களுக்குத் தந்திருக்கிறார். இந்த ஊருக்கு ஒதுக்கின உதவியில முக்கால்வாசி இதுதான். புது விலைக்கே கணக்கில போட்டிருக்கிறம். பழசு எண்டு போட்டால் உங்களுக்குத்தான் மரியாதைக் குறைவு."

பிறகு சாவியை மீராசாகிபுவின் கையில் வைத்தார். படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் நேசமலர் அதே சாவியைப் பணிவாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"பிள்ளை, அப்ப இது எங்கடதில்லையோ?" என்று கேட்டார் மீராசாகிபு.

"உங்கடதுதான் நானா. பராமரிப்பு மட்டும் எங்கட. வேலைக்குப் பாவிக்க அனுமதி வரும்வரைக்கும் இது பயனாளிகளின்ர ஊரிலதான் நிக்கவேணும். இல்லாட்டி நாங்கள் வச்சிருக்கிறம் எண்டு கேள்வி வரும்."

ஊரில் வாகனம் புதையாத இறுகிய தரை ஒன்றுதான் இருந்தது. அது மீராசாகிபுவின் களம். வாகனத்தை அதில் இறக்கினார்கள். மேலே புத்தம்புதுத் தறப்பாளில் பந்தல் போட்டார்கள். கட்டி முடிந்ததும் லதீபா தன் கொட்டிலின் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்களுக்குத் தந்த தறப்பாளில ஓட்டை. இதுக்குத் தந்தது புதுசு" என்றாள். "இஞ்ச பாருங்கோ, நாங்க ரெண்டு பேரும் அதுக்குக் கீழ போய்ப் படுப்பமா?"

அதற்கும் விதி இருந்தது. சொத்திலிருந்து ஆறடி தூரத்துக்குள் ஆள், மாடு, ஆடு, கோழி எதுவும் வரக் கூடாது. லதீபாவின் கோழி மட்டும் விதியை வாசிக்காமல் நாள்தோறும் அதன் அடியில் போய் முட்டையிட்டது. மீராசாகிபு பயத்தோடு தடி போட்டு முட்டையை உருட்டி எடுத்தார்.

*

வயல் மஞ்சளானது. அறுப்பு முடிந்தது. கதிர்க்கட்டுகளைக் களத்தின் ஓரம் பெரிய சூடாக அடுக்கினார்கள். சூட்டைக் குலைத்துக் களத்தில் பரப்பி உழவு இயந்திரத்தை வளைய வளைய ஓட்டினால் நெல் தானாகக் கொட்டும். களத்தின் நடுவில்தான் உதவி நின்றுகொண்டிருந்தது.

மீராசாகிபு பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போனார். கூரை மிஞ்சிய வீடுகளில் நல்லதாக ஒன்றைக் கைகொடுப்பு நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்தது. உள்ளே குளிரூட்டி ஓடியது. அங்கே அந்தச் சூடேறும் இருக்கைகளுக்கு ஒரு தேவை இருந்திருக்கும் என்று அவருக்குப் பட்டது.

"எட்டு முழம் தள்ளி வைக்கவேணும் சேர். வேலியோரமா. வேற ஒண்டும் வேண்டாம்."

பணிப்பாளர் நேசமலரைப் பார்த்தார். நேசமலர் சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்தாள். மேலிருந்து கீழே சறுக்கி விழும் ஒரு சிவப்புக் கோடு அதில் இருந்தது.

"நானா, இதுக்குப் பேர் பெறுமானத் தேய்வு" என்றாள். "ஒரு வாகனம் கடை வாசலைத் தாண்டின உடனேயே அதின்ர பெறுமதியில ஒரு பங்கு போயிடும். இப்பிடி வேகமான, விலை கூடின வாகனம் எண்டால் இன்னும் கெதியாப் போகும். மூண்டாம் வருசத்தில பாதிதான் மிஞ்சும்."

"போறது எங்க பிள்ளை போகும்?"

"போயிடும்."

"ஆருக்குப் போகும்?"

"ஒருத்தருக்கும் இல்லை. சும்மா போயிடும்."

மீராசாகிபு யோசித்தார். அவரிடமிருந்தும் எத்தனையோ போயிருந்தன. வீட்டின் ஓடு, கதவு, நிலை, பதினெட்டு மாடு, கிணற்றுக் கப்பி. அவருடைய அனுபவத்தில் போனதெல்லாம் யாரிடமாவது போய்த்தான் சேர்ந்திருந்தது. அந்தக் கப்பியைப் போன கிழமைகூட ஒரு வளவில் கண்டார். ஒருவருக்கும் போகாமல் போகிற சாமான் ஒன்றை அவர் இப்போதுதான் கேள்விப்படுகிறார்.

"ஓடினாத் தேயும் எண்டு விளங்குது" என்றார். "இது நிக்குதுதானே."

"நிண்டாலும் தேயும்."

"அப்ப ஓடினா என்ன?"

"ஓடினால் கூடத் தேயும். எட்டு முழம் எண்டாலும் ஓட்டம் ஓட்டம்தான். இடமாற்ற அனுமதிக்கு எழுதினால் தலைமையகத்தில ஒரு குழு இருக்கு. அவை கோடைகாலத்திலதான் கூடுவினம். அங்கத்தைய கோடை."

"நெல்லு நனைஞ்சா முளைச்சிடும் பிள்ளை. மாசியில மழை இறங்கினா ஒரு மணி மிஞ்சாது."

பணிப்பாளர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். குரல் தழதழத்தது. "நானா, விவசாயம் எங்கட உயிர். எங்கட அறிக்கையில விவசாயம் எண்ட சொல் வராத பக்கமே இல்லை. ஆனால் ஒரு அறுவடைக்காக ஒரு சொத்தை அசைச்சால், நாளைக்கு எல்லா அறுவடைக்கும் எல்லாச் சொத்தையும் அசைக்கவேண்டி வரும். நீங்கள் எங்களோட கொஞ்சம் ஒத்துழைக்கவேணும். இந்த அறுவடையை அடுத்த காலாண்டுக்குத் தள்ள ஏலாதோ?"

மீராசாகிபு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவர் வாழ்க்கையில் நிறையவற்றைத் தள்ளிப் போட்டவர். புத்தளத்தில் மகளின் நிக்காஹ்வைத் தள்ளினார், வீடு கட்டுவதைத் தள்ளினார், ஊருக்கு வருவதையே பதின்மூன்று வருடம் தள்ளினார். கதிரைத் தள்ளிப்போட முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"கேட்டுப் பாக்கிறன் சேர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். யாரைக் கேட்பதென்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தார்.

*

ஊருக்கு வந்தால் அடுத்த இடி காத்திருந்தது. கனகலிங்கத்தின் உழவு இயந்திரத்தில் கியர்ப்பெட்டி உடைந்துவிட்டது. நெளுக்குளத்தில் ஒரு திருத்துமிடத்தில் அக்கக்காகக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

"சாமான் கொழும்பில இருந்து வரவேணுமாம் நானா" என்றார் கனகலிங்கம். குற்றம் செய்தவர்போல நிலத்தைப் பார்த்தார். "மெசின் இருந்திருந்தா உங்கட சூட்டை ஒரு பொழுதில அடிச்சுத் தந்திருப்பன்."

நாயாற்றுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தக் கறுப்பைப் பார்த்துப் பார்த்து மீராசாகிபு சூட்டைச் சுற்றி நடந்தார். சோறு இறங்கவில்லை. லதீபா கொட்டிலின் ஓட்டைத் தறப்பாளைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சூட்டின் மேல் போட்டாள்.

மறுநாள் காலை கிளிநொச்சியிலிருந்து பிரசாந்தன் வந்தான். நிறுவனத்தின் சாரதி. மாதம் ஒருமுறை அந்த வாகனத்தை இயக்கிப் பார்ப்பதற்காக வருபவன். நின்ற இடத்திலேயே நின்றால் ரயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும் என்று தலைமையகம் எழுதியிருந்தது. ஆனால் நிறுத்திய எல்லையைத் தாண்டவும் கூடாது என்றும் எழுதியிருந்தது. இரண்டு விதியையும் சேர்த்து வாசித்த பிரசாந்தன், களத்துக்குள்ளேயே ஒரு மணித்தியாலம் வளைய வளைய ஓட்டிவிட்டு, நிறுத்திய இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போவான். இருநூற்று அறுபத்தாறு ஓடக்கூடிய வண்டியை அவன் முதலாம் கியருக்கு மேலே கண்டதில்லை. அந்தத் துக்கம் அவன் முகத்தில் நிரந்தரமாகக் குடியிருந்தது.

அவன் பந்தலை அவிழ்த்துவிட்டு ஏறி இருந்து எஞ்சினைக் கிளப்பினான். வாகனம் உறுமிக்கொண்டு ஒரு வட்டம் போனது. இரண்டு வட்டம் போனது. சுளகைக் கையில் பிடித்தபடி லதீபா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்ச பாருங்கோ" என்று கணவனைக் கூப்பிட்டாள். "சும்மா நிலத்தில வளைய வளைய ஓடுது."

"ஓம். அது அவங்கட சட்டம்."

"நிலத்தில என்ன கிடக்கக் கூடாதெண்டு சட்டத்தில இருக்கோ?"

மீராசாகிபுவுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் அவர் கைகாட்டி வண்டியை நிறுத்தினார். பிரசாந்தன் கண்ணாடியை இறக்கி, கதிரைப் பரப்பி அதன்மேல் ஓட்டும்படி மீராசாகிபு சொன்னதைக் கேட்டான். விதிகளை மனதுக்குள் ஒருமுறை புரட்டினான். எல்லை தாண்டக் கூடாது, தாண்டப் போவதில்லை. ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. கூடக் கூடாது என்று எழுதியிருக்கவில்லை.

"கதிரைப் போடுங்கோ நானா" என்றான். அவன் முகத்திலிருந்த துக்கம் அன்றைக்குத்தான் முதல்முறையாக இறங்கியது. "சப்பாத்தோட இருக்கலாமோ?"

"களத்தில சப்பாத்து ஆகாது தம்பி. கழற்றிப்போட்டு ஏறு. இன்னுமொண்டு. களத்தில நிண்டு குறைஞ்சுது, தேய்ஞ்சுது, முடிஞ்சுது எண்டு ஒரு சொல்லும் வாயில வரக்கூடாது. பெருகட்டும் எண்டு, பொலி எண்டுதான் சொல்லவேணும்."

"எங்கட கந்தோரில நேசமலர் அக்கா அந்தச் சொல்லுகளை விட்டா வேற ஒண்டும் கதைக்க மாட்டா" என்றான் பிரசாந்தன். சப்பாத்தைக் கழற்றி வேலியோரம் வைத்தான்.

கனகலிங்கமும் ஓடி வந்தார். சூட்டைக் குலைத்துப் பரப்பினார்கள். மீராசாகிபு பிஸ்மில்லாஹ் சொன்னார். பொத்தானை அமத்த வண்டி ஒரு சாண் எழும்பியது. இரண்டரைத் தொன் பாரம், நாலு அகல ரயர், நானூற்றைம்பது குதிரை. எல்லாம் கதிரின்மேல் ஏறின. நெல் கொட்டிய சத்தம் மீராசாகிபுவின் காதில் விழுந்தது. பதின்மூன்று வருடம் கேட்காத சத்தம். அவருக்குக் கண் கலங்கியது. தும்பு விழுந்தது என்று லதீபாவிடம் சொன்னார். அவளும் தனக்கு விழுந்தது என்றே சொன்னாள்.

நாலாம் வட்டத்தில் வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. வழிகாட்டும் பெட்டி அது. தான் பிறந்த நாட்டின் தெருக்கள் மட்டுமே அதற்குத் தெரியும்.

"ஆர் தம்பி உள்ளுக்கு?" என்று பதறினார் மீராசாகிபு.

"மெசின் கதைக்குது நானா. பிழையான இடத்தில நிக்கிறமாம். வசதியான இடத்தில திரும்பட்டாம்."

"திரும்பிக்கொண்டுதானே இருக்கிறம். சொல்லு அவாக்கு."

ஒவ்வொரு வட்டத்துக்கும் அந்த அம்மா திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு வட்டத்திலும் பிரசாந்தன் திரும்பினான். வைக்கோலைக் கிளறிக் கிளறிப் போட்டார்கள். பின்னேரம் ஆகும்போது கடைசி அடுக்கும் களத்துக்கு வந்துவிட்டது. முகப்பின் வலையெல்லாம் சப்பி நெல்லும் வைக்கோல் தும்பும் அடைத்து, உள்ளே எங்கெங்கோ சிவப்பு விளக்குகள் எரிந்தன. கடைசி வட்டத்தில் முன்பக்கம் ஆவி கிளம்பியது. பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வண்டி நின்றது. பிறகு எந்தப் பொத்தானுக்கும் அது அசையவில்லை.

"முடி..." என்று தொடங்கிய பிரசாந்தன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "பொலி" என்றான்.

*

தூற்றிச் சாக்கில் கட்டவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது. கொட்டிலின் தறப்பாள் ஓட்டை. சாக்கை எங்கே வைப்பது? நாலு பேரும் ஒரே நேரத்தில் வாகனத்தைப் பார்த்தார்கள்.

லதீபாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "அந்தத் தோல் என்ன தோல் தம்பி?"

"மாடு அக்கா. இத்தாலி மாடெண்டு புத்தகத்தில கிடக்கு."

"மாடெண்டாச் சரி" என்று அவள் கதவைத் திறந்தாள். பின்னிருக்கையை மடித்துச் சாக்குகளை அடுக்கினார்கள். மிஞ்சியவை முன்னிருக்கையில் இருந்தன. சாரதியின் இருக்கையில் விதைநெல் சாக்கை நிமிர்த்தி வைத்தார்கள். அன்று பெய்த மழையில் ஊரில் இரண்டு கிணறு நிரம்பியது. மீராசாகிபுவின் நெல்லில் ஒரு சொட்டும் படவில்லை.

மறுநாள் செய்தி கேட்டுப் பணிப்பாளரும் நேசமலரும் பறந்து வந்தார்கள். களத்தின் ஓரத்தில் மீராசாகிபு இருவரையும் மறித்தார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். பணிப்பாளரின் காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அவர் அதை மற்றக் காலால் மறைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"இது எங்கட சொத்து" என்றார். "சொத்துக்குள்ள இருக்கிறது சொத்தோட சேர்ந்தது. நட்டத்தை ஈடுசெய்யிற வரைக்கும் இந்த நெல்லை நிறுவனம் பொறுப்பில எடுக்கும்."

மீராசாகிபு சாக்குகளைப் பார்த்தார். வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் முறையாக எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பஸ் ஏறுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். 

லதீபா முன்னுக்கு வந்தாள். "கொண்டு போங்கோ சேர்" என்றாள் அமைதியாக. "ஆனா இது எப்பிடி நிண்டதெண்டு உங்கட தலைவருக்கு எழுதவேணுமே. அதையும் எழுதுங்கோ. ஓட்டினது உங்கட சாரதி. ஓட்டினது நீங்கள் ஓட்டச் சொன்ன நாள். எல்லைக்கு வெளியில ஒரு முழம் போகேல்ல. எங்கட களத்தில நிக்க வச்சது ஆர், எட்டு முழம் தள்ளேலாதெண்டு சொன்னது ஆர், எல்லாத்தையும் எழுதுங்கோ. நாங்க ஊரோட கையெழுத்து வைப்பம்."

பணிப்பாளர் சிரித்தார். பயிற்சி எடுத்த சிரிப்புத்தான், ஆனால் கொஞ்சம் கோணலாக வந்தது. நேசமலரை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"இதைப் பழுது எண்டு எழுதினால்?"

"நீங்கள் பதில் சொல்லவேணும் சேர்."

"திருத்தினால்?"

"திருத்தச் செலவு இதின்ர பெறுமதியை விடக் கூட. ஜெர்மனியிலயிருந்து ஆள் வரவேணும்."

"வேற வழி?"

நேசமலர் வெறுங்காலோடு களத்தில் நின்றாள். காலடியில் ஒட்டியிருந்த நாலு நெல்மணிகளைப் பார்த்தாள். "பயனாளிக்குப் பாவனைக்குக் குடுத்ததெண்டு எழுதினால் அண்டைக்கே எங்கட கணக்கில பெறுமதி பூச்சியம் சேர்" என்றாள். "அதுக்குப் பிறகு அது தே..." நிறுத்தினாள். மீராசாகிபு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொலிஞ்சாலும் எங்களுக்கு இல்லை" என்று முடித்தாள்.

அரைமணியில் இரண்டாம் கையளிப்பு விழா நடந்தது. பணிப்பாளர் அதே சாவியை மறுபடி மீராசாகிபுவின் கையில் வைத்தார். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற பழக்கம் எங்கட நிறுவனத்துக்கு இல்லை" என்றார். படம் எடுத்தார்கள். மீராசாகிபு பழக்கதோசத்தில் சாவியை நேசமலரிடம் நீட்டினார். அவள் தலையை ஆட்டி, அவர் விரல்களை மடித்து மூடிவிட்டாள்.

சாவியும் வாகனமும் அவருடையதாயின. கயிறு கட்டி இழுத்து வேலியோரம் தள்ளினார்கள். எட்டு முழம்தான். மூன்று பேருக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது.

*

புரட்டாதியில் பணிப்பாளர் மறுபடி வந்தார். நாற்காலிகளோடும் படம் பிடிப்பவரோடும் வந்து, வாகனத்துக்குப் பக்கத்திலேயே கூட்டத்தை வைத்தார். போன வருடத் திட்டம் தலைமையகத்தைப் பரவசப்படுத்திவிட்டதாம். அதிவேக வாகனத்தால் அறுவடை செய்த முதல் கிராமம் என்று சுவரில் படம் மாட்டியிருக்கிறார்களாம். ஆகவே இந்த வருடமும் ஒரு வாகனம் உண்டு.

"பொருளின்ர பேரைச் சொல்லக் கூடாது" என்று நினைவூட்டினார். "தேவையைச் சொல்லுங்கோ நானா."

மீராசாகிபு இந்த முறை நன்றாக யோசித்து வைத்திருந்தார். எழுந்து நின்றார்.

"குளிரூட்டி இருக்கக் கூடாது சேர். கூரை இருக்கக் கூடாது. இருக்கிற கதிரை சூடேறக் கூடாது, தோலும் வேண்டாம், இரும்பெண்டாப் போதும். ஒரு ஆளுக்கு மேல இருக்க இடம் வேண்டாம். கதைக்கக் கூடாது. பின் சில்லு ரெண்டும் பெரிசா, முன் சில்லு சின்னனா இருக்கவேணும். மணிக்கு இருபது இருபத்தைஞ்சுக்கு மேல ஓடக்கூடாது. எத்தினை வருசம் பழசெண்டாலும் பரவாயில்லை."

பணிப்பாளர் பேனையை நிறுத்தினார். பரிதாபமாகப் பார்த்தார். "நானா, எங்களிட்ட ஐம்பது அறுபது வாகனத்தின்ர விபரம் இருக்கு. நீங்கள் சொல்லுறமாதிரி ஒண்டு அதில இல்லை. அப்பிடி ஒண்டு உலகத்திலயே இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை. இருந்தாலும் ஒரு நிபுணர் குழுவை..."

அந்த நேரம் ஒழுங்கையால் கனகலிங்கம் வந்துகொண்டிருந்தார். நெளுக்குளத்திலிருந்து புதுக் கியர்ப்பெட்டியோடு திரும்பிய அவருடைய உழவு இயந்திரம், கூரையில்லாமல், இரும்பு இருக்கையோடு, பெரிய பின்சில்லு இரண்டும் ஆட, கூட்டத்தைக் கடந்து மீராசாகிபுவின் வயலுக்குள் இறங்கியது. அந்தச் சத்தத்தில் பேச முடியவில்லை. பணிப்பாளர் கையை உயர்த்தி எல்லோரையும் பொறுக்கச் சொன்னார். சத்தம் தணிந்ததும் தொண்டையைச் செருமினார்.

"எங்க விட்டனாங்கள்?"

"உலகத்தில அப்பிடி ஒண்டு இல்லையெண்ட இடத்தில, சேர்" என்றார் மீராசாகிபு.

நேசமலர் முகத்தைக் கீழே கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. மீராசாகிபு அவளிடம் மட்டும் விடைபெற்றுக்கொண்டு, கூட்டம் முடியும் முன்னரே எழுந்து நடந்தார். கனகலிங்கம் உழுதுவிட்டால் விதைக்க வேண்டும்.

வாகனத்தின் கதவைச் சாவி போட்டுத் திறந்தார். பக்கத்து இருக்கையில் லதீபாவின் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதைத் தொந்தரவு செய்யாமல் சாரதி இருக்கையிலிருந்த சாக்கை அவிழ்த்து, ஒரு கை நெல்லை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தார். மாசியில் வைத்தது, இன்னும் அப்படியே மஞ்சளாக இருந்தது. ஏழு மாதம் நின்றும் ஒரு மணி தேய்ந்திருக்கவில்லை.